போன சரக்கும் திரும்பி வந்த பார்சலும்: இணைய விற்பனை கேள்வி–பதில்

வாட்ஸ்ஆப்பில் சேலை விற்கிறேன். தீபாவளிக்கு எட்டு நாள் முன்பு ரூ.2,800-க்கு ஒரு சில்க் காட்டன் அனுப்பினேன். பண்டிகை முடிந்த மறுநாள் "கலர் பிடிக்கவில்லை, ரீஃபண்ட் வேண்டும்" என்று செய்தி. சேலை திரும்பி வந்தபோது சென்ட் வாசனை அடிக்கிறது. டேக் இல்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகி, சின்னாளப்பட்டி

வாசனையை வைத்து வாதாடாதீர்கள். "கடையிலேயே அப்படித்தான் இருந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். துணியே சாட்சி சொல்லும். நல்ல வெளிச்சத்தில் மேசைமேல் விரித்து மூன்று இடங்களைப் பாருங்கள். முதலில் தோள்பட்டையில் விழும் பகுதி. சேஃப்டி பின் குத்திய துளை பட்டுக் கலப்பில் எளிதில் மூடாது, ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் ஊசிமுனை வெளிச்சமாகத் தெரியும். அடுத்து கீழ்க்கரையின் உள்பக்கம் இரண்டு அங்குலம். ஒருமுறை கட்டி வாசல்வரை நடந்தாலே அங்கே தூசிக்கோடு ஏறிவிடும். மூன்றாவது, இடுப்பில் செருகிய இடத்தின் சுருக்கம். இஸ்திரி போட்டிருந்தாலும் அந்தக் குறுக்கு மடிப்பு முழுதாகப் போகாது. ஃபால்ஸ் தைத்துப் பிரித்திருந்தால் ஊசித் தடம் வரிசையாகவே நிற்கும்.

பிறகு அளவெடுங்கள். பிளவுஸ் பிட்டோடு சேர்த்து 6.30 மீட்டர் அனுப்பியிருந்து, வந்தது 5.50 மீட்டர் என்றால் பிளவுஸ் துணியை வெட்டிக்கொண்டு சேலையை மட்டும் அனுப்பியிருக்கிறார்கள். பலர் மடிப்பைப் பிரிக்காமலேயே ஸ்டாக்கில் வைத்துவிட்டு, அடுத்த வாடிக்கையாளர் கத்தும்போதுதான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இப்போது உங்கள் விஷயம். "டேக் அறுந்தால் திரும்பப் பெறமாட்டோம்" என்று பணம் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் சொல்லியிருந்தீர்களா? சொல்லியிருந்தால் அந்தச் செய்தியையும், துளை, தூசிக்கோடு ஆகியவற்றின் படங்களையும் சேர்த்து அனுப்பி, "சேலையைத் திருப்பி அனுப்புகிறேன், கூரியர் செலவு உங்களுடையது" என்று உறுதியாகச் சொல்லலாம். சொல்லவில்லை என்றால் உங்கள் பிடி தளர்வானதுதான். பாதித் தொகைக்குப் பேசிப் பார்த்து முடியுங்கள். கொஞ்சம் கசக்கும், ஆனால் இதற்காக ஒரு மாதம் மன்றாடினால் அதற்குள் பத்து சேலை விற்கும் நேரம் போய்விடும்.

அடுத்த பண்டிகைக்குள் இரண்டு ஏற்பாடு. டேக்கைக் கட்டுக்குள் மறைத்து வைக்காமல் முந்தியின் வெளிமூலையில், உள்ளங்கை அகலத்தில், அறுத்தால் திரும்பப் பூட்ட முடியாத பிளாஸ்டிக் லூப்பில் மாட்டுங்கள். அதில் எண் எழுதி, பில்லிலும் அதே எண்ணைக் குறியுங்கள். அந்த டேக்கோடு யாரும் பண்டிகைக்குப் போகமாட்டார்கள். இரண்டாவது, ரிட்டர்ன் கேட்பதற்கான கெடு. 7 நாள், 10 நாள் என்று வைத்தால் கட்டிவிட்டுத் திருப்பித்தர நீங்களே அவகாசம் கொடுத்ததாகும். பார்சல் கைக்குக் கிடைத்து 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "கலர் வேற" என்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்த டபுள் ஷேட் சேலை, டியூப்லைட்டில் ஒன்றாகவும் வெயிலில் வேறாகவும் தெரியும். ஃபில்டர் போடாமல் பகல் வெளிச்சத்தில், சேலையை அசைத்துக் காட்டும் 15 விநாடி வீடியோவைப் பணம் வாங்கும் முன்பே அனுப்பிவிட்டால் நியாயமான ரிட்டர்ன்களும் குறையும்.

பெரிய ஆன்லைன் தளம் ஒன்றில் டி-ஷர்ட் விற்கிறோம். மூன்று புதிய டி-ஷர்ட் அனுப்பினோம். திரும்பி வந்த கவரில் ஒரு பழைய சட்டை. தளத்திடம் இழப்பீடு கேட்டு க்ளெய்ம் போட்டோம், "போதிய ஆதாரம் இல்லை" என்று தள்ளிவிட்டார்கள்.
– ஒரு வாசகர், திருப்பூர்

க்ளெய்மைப் பார்க்கும் ஊழியர் உங்கள் முகத்தையோ அந்த வாங்குபவரின் முகத்தையோ பார்ப்பதில்லை. படங்களையும் எண்களையும் மட்டுமே பார்க்கிறார். இந்தச் சண்டையின் முடிவு பேக்கிங் மேசையிலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது.

மேசைக்கு மேலே ஒரு போனை ஸ்டாண்டில் பொருத்துங்கள். அனுப்பும்போது இடையில் நிறுத்தாமல், வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே வீடியோ: சரக்கு, அதன் டேக் எண், கவருக்குள் போவது, ஒட்டுவது, லேபிளில் உள்ள கூரியர் எண் படிக்கும்படி ஒரு நெருக்கக் காட்சி, கடைசியாக எடைத்தராசு. 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம்) துணியில் ஆண்கள் டி-ஷர்ட் மூன்று என்றால் கவரோடு ஏறத்தாழ 550 கிராம் வரும். வந்தது 240 கிராம் என்றால் அந்த ஒரு எண் பத்துப் படங்களுக்குச் சமம். ஃபைலுக்கு ஆர்டர் எண்ணையே பெயராக வையுங்கள். "வீடியோ இருக்கிறது, எது என்றுதான் தெரியவில்லை" என்று தேடுவதற்குள் க்ளெய்ம் கெடு முடிந்துபோகும்.

ரிட்டர்ன் வரும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள். கவரைத் தொடுவதற்கு முன் ஆறு பக்கமும் காட்டுங்கள். டேப் கிழிந்திருக்கிறதா, மேலே வேறு டேப் ஒட்டியிருக்கிறதா என்பது தெரிய வேண்டும். பிறகு எடை, லேபிள், திறப்பு, உள்ளே இருப்பது. கவர் கிழிந்தே வந்தால் டெலிவரிக்காரரின் கருவியிலோ தாளிலோ "சேதமான நிலையில் பெறப்பட்டது" என்று குறித்துவிட்டு வாங்குங்கள். அந்தக் குறிப்பு இல்லாமல் கையெழுத்துப் போட்டால், நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாகத்தான் பொருள்.

க்ளெய்ம் எழுதும்போது கோபம் வேண்டாம். "வாங்குபவர் திருடர்" என்றும் எழுதாதீர்கள். மாற்றியது அவரா, நடுவில் ஏதோ ஒரு கிடங்கில் நடந்ததா என்பது உங்களுக்குத் தெரியாது. ஆர்டர் எண், ரிட்டர்ன் கூரியர் எண், அனுப்பிய எடை, வந்த எடை, அனுப்பியது இது, வந்தது இது. ஐந்தாறு வரி போதும். முதல்முறை தள்ளிவிடுவது சகஜம். அதே படங்களைத் திரும்ப அனுப்பினால் அதே பதில்தான் வரும். மேல்முறையீட்டில் புதிதாக ஒன்றைச் சேருங்கள். அனுப்பும்போது எடுத்த எடை வீடியோ இருந்தால் இதுதான் அதற்கான நேரம். அமேசானில் இதற்கு சேஃப்-டி க்ளெய்ம் என்றும், ஃப்ளிப்கார்ட்டில் எஸ்.பி.எஃப். (விற்பனையாளர் பாதுகாப்பு நிதி) என்றும் பெயர். எந்தத் தளமானாலும் ரிட்டர்ன் பட்டியலை வாரம் இருமுறை கெடு தேதி வரிசையில் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். உண்மையிலேயே ஏமாற்றப்பட்டும் பணம் இழப்பவர்களில் பலர் இந்தக் கெடுவில்தான் கோட்டை விடுகிறார்கள்.

விலை கூடிய மின்பொருள் விற்பவர்கள் வரிசை எண்ணை பில்லில் அச்சிடுங்கள். போன் என்றால் ஐ.எம்.இ.ஐ. எண். உதிரிபாகங்களில் எண் இருக்காது. சந்தையில் கிடைக்கும் புற ஊதா பேனாவால் மறைவான இடத்தில் ஒரு குறி போட்டுவிட்டால், திரும்பி வந்தது நீங்கள் அனுப்பியதுதானா என்று சிறு விளக்கைக் காட்டினாலே தெரியும்.

பணம் போட்டதாக ஸ்கிரீன்ஷாட் வந்தது, எஸ்.எம்.எஸ்.-ம் வந்தது. ரூ.2,000-க்குப் பதில் தவறுதலாக ரூ.20,000 போட்டுவிட்டதாகவும் மீதி ரூ.18,000-ஐ உடனே அனுப்பும்படியும் அழாத குறையாகக் கேட்கிறார். அனுப்பலாமா?
– ஒரு வாசகி, மதுரை

அனுப்பாதீர்கள். முதலில் வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் ஆதாரமே அல்ல, அதைத் தயாரிக்க இரண்டு நிமிடம் போதும். வங்கியின் குறுஞ்செய்தி சாதாரண பத்து இலக்க கைப்பேசி எண்ணிலிருந்து வராது. யு.பி.ஐ. பரிமாற்றத்துக்கு 12 இலக்கக் குறிப்பு எண் உண்டு. அந்த எண்ணும் தொகையும் உங்கள் கணக்கு விவரத்தில் இருந்தால் மட்டுமே பணம் வந்தது. இது தெரியாமல் பார்சலைக் கட்டாதீர்கள்.

பணம் நிஜமாகவே வந்திருந்தால் விஷயம் இன்னும் ஆபத்தாகலாம். அது வேறு யாரிடமோ மோசடி செய்து பறித்த பணமாக இருக்கலாம். அவர் சொல்லும் இன்னொரு எண்ணுக்கு ரூ.18,000 அனுப்பினால், திருட்டுப் பணம் கைமாறிய சங்கிலியில் உங்கள் கணக்கும் ஒரு கண்ணியாகிவிடும். "உங்கள் வங்கியில் புகார் கொடுங்கள், அவர்கள் என் வங்கியைத் தொடர்புகொள்ளட்டும்" என்று எழுத்தில் சொல்லிவிட்டு, உங்கள் வங்கிக் கிளைக்கும் தகவல் கொடுங்கள். தவறுதலாகப் போட்டவர் ஒப்புக்கொள்வார். மோசடிக்காரர் அவசரப்படுத்துவார், குழந்தைக்கு ஆபரேஷன் என்பார், பிறகு திட்டுவார்.

பணம் பெறுவதற்கு க்யூ.ஆர். ஸ்கேன் செய்யவோ பின் எண் போடவோ தேவையே இல்லை. பின் போட்டால் பணம் போகிறது என்றுதான் அர்த்தம். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் பணம் கேட்கும் கலெக்ட் ரிக்வெஸ்ட் வசதி 2025 அக்டோபரில் நிறுத்தப்பட்டது. ஆனாலும் "ரீஃபண்ட் வாங்க இதை ஸ்கேன் பண்ணுங்க" என்று க்யூ.ஆர். அனுப்பும் வித்தை ஓயவில்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க முடிந்தால்தான் மீட்க வழி உண்டு.

சொந்த வெப்சைட்டில் கார்டில் பணம் கட்டியவர் ரீஃபண்டை வேறொரு ஜிபே எண்ணுக்குக் கேட்கிறார். கொடுத்தால் என்ன?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

இருமுறை கொடுக்க வேண்டி வரலாம். ஜிபே-யில் வாங்கிக்கொண்ட பிறகு, கார்டு கொடுத்த வங்கியிடம் "பொருள் வரவில்லை" என்று சொல்லி, பணத்தைத் திரும்பப் பிடித்துத்தரக் கேட்கும் சார்ஜ்பேக் போடுவார். வெப்சைட்டுக்குக் கார்டு பணத்தை வாங்கித்தரும் பேமென்ட் கேட்வேயின் பதிவில் நீங்கள் ரீஃபண்டே கொடுக்கவில்லை என்றுதான் இருக்கும். எந்த வழியில் பணம் வந்ததோ அதே வழியில், கேட்வே பக்கத்தில் உள்ள ரீஃபண்ட் பட்டனை அழுத்தியே திருப்புங்கள். அங்கே கிடைக்கும் குறிப்பு எண்ணை வாங்குபவருக்கு அனுப்பி வையுங்கள். கார்டுக்குப் போய்ச்சேரச் சில வேலை நாள்கள் ஆகும் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாதிச் சண்டை அந்தக் காத்திருப்பில்தான் முளைக்கிறது.

சார்ஜ்பேக் அறிவிப்பு மின்னஞ்சலில் வரும், பதில் கெடுவும் அதிலேயே இருக்கும். பில், கூரியர் டெலிவரி சான்று, உரையாடல் படங்கள், முன்பே ரீஃபண்ட் கொடுத்திருந்தால் அந்த எண் ஆகியவற்றை ஒரே பி.டி.எஃப்.-ஆகக் கட்டி அனுப்புங்கள். பதில் போகவில்லை என்றால் உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் பணம் போய்விடும்.

கேஷ் ஆன் டெலிவரியில் ஐந்தில் ஒன்று திரும்பி வருகிறது. நிறுத்தினால் ஆர்டரே குறைந்துவிடும் என்று பயம்.
– போர்வை விற்கும் ஒரு வாசகர், கரூர்

பயத்தைக் கணக்காக மாற்றிப் பாருங்கள். ஒரு போர்வையில் லாபம் ரூ.120, கூரியர் போக ரூ.60, வர ரூ.60, பேக்கிங் ரூ.10 என்று வைத்துக்கொள்வோம். 100 பார்சலில் 20 திரும்பினால் 80 × 120 = ரூ.9,600 லாபம், அதில் 20 × 130 = ரூ.2,600 நட்டம் போக, கையில் ரூ.7,000. அதே நேரம் ரூ.100 முன்பணம் கேட்டு, அதனால் ஆர்டர் 85-ஆகக் குறைந்து, அதில் மூன்றுதான் திரும்பியது என்றால்? 82 × 120 = ரூ.9,840. திரும்பிய மூன்றுக்கும் முன்பணம் போக தலா ரூ.30 நட்டம், அதாவது ரூ.90. கையில் ரூ.9,750. பேக்கிங் வேலையும் குறைவு. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், விடை மாறலாம்.

முன்பணம் தனிக் கட்டணம் அல்ல, பில்லில் கழித்துக்கொள்வோம் என்றும், வாங்க மறுத்தால் கூரியருக்காகப் பிடித்துக்கொள்வோம் என்றும் ஆர்டரின்போதே சொல்லிவிட வேண்டும். கூடவே அனுப்பும் நாளில் ஒரு போன். கதவு எண், அருகில் உள்ள அடையாளம், வீட்டில் இருக்கும் நேரம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். இரண்டுமுறை எடுக்காத எண்ணுக்கு அனுப்பாதீர்கள். திரும்பி வருகிற பார்சலில் வம்புக்காக ஆர்டர் போட்டவர்களைவிட, நாலைந்து நாள் தாமதத்தில் மனம் மாறியவர்கள் அதிகம் இருப்பார்கள். சீக்கிரம் அனுப்புவதும் ஒரு மருந்துதான்.

முறுக்கு நொறுங்கிவிட்டது என்று படம் அனுப்பிப் பணம் கேட்கிறார்கள். தின்பண்டத்தைத் திரும்ப வாங்கவும் முடியாது. நம்புவதா வேண்டாமா?
– ஒரு வாசகி, மணப்பாறை

படத்தைக் கூகுள் லென்ஸில் தேடிப் பாருங்கள், வேறு எங்கோ எடுத்த படம் என்றால் அகப்படும். இப்போது நொறுங்கிய படத்தைக் கணினியே வரைந்து கொடுக்கிறது. அதனால் படத்தோடு நிற்காமல் 20 விநாடி வீடியோ கேளுங்கள். வெளிப்பெட்டியின் லேபிள், பாக்கெட்டின் பேட்ச் ஸ்டிக்கர், பிறகு பாக்கெட்டைத் திருப்பிக் காட்டுவது. உண்மையான வாடிக்கையாளர் உடனே எடுத்து அனுப்புவார். அனுப்பியவரிடம் மேற்கொண்டு விசாரணை வேண்டாம், நொறுங்கிய அளவுக்கு ரீஃபண்ட் கொடுங்கள்.

ஆனால் முறுக்கு உண்மையில் நொறுங்கத்தான் செய்கிறது என்பதையும் பாருங்கள். ஒரு பெட்டியை இடுப்பளவு உயரத்திலிருந்து மூலை, விளிம்பு, முகம் என்று மூன்று விதமாகப் போட்டுத் திறந்து பாருங்கள். உள்ளே ஆடும் இடைவெளி இருந்தால் தோற்கும். ஐந்தடுக்கு அட்டைப்பெட்டி, பாக்கெட்டைச் சுற்றிக் காகித நெரிசல் (செய்தித்தாள் உணவைத் தொடக்கூடாது), குலுக்கினால் சத்தமே வரக்கூடாது. "சிறிது உடைசல் இயல்பு, கால்வாசிக்கு மேல் உடைந்தால் ஈடு" என்று விற்பனைப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லில் அச்சடித்துவிட்டால் பாதுகாப்புதானே?
– ஒரு வாசகர், ஈரோடு

இல்லை. மனம் மாறியவருக்கு மறுக்க அந்த வரி உதவலாம். குறையுள்ள பொருளுக்கு உதவாது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருள் குறைபாடுள்ளதாகவோ போலியாகவோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ, சொன்ன தேதியைத் தாண்டி வந்ததாகவோ இருந்தால் விற்பவர் திரும்பப் பெற மறுக்கக்கூடாது. இயற்கைச் சீற்றம் போன்ற காரணத்தால் தாமதம் என்றால் மட்டும் விலக்கு. 2019-ஆம் ஆண்டின் சட்டம் குறையுள்ள பொருளுக்குப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் பணம் திருப்பாததை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. விதிகளின்படி புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும்.

இன்னொரு நடைமுறைச் சங்கடம்: வாங்கியவர் தான் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ரூ.5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. ரூ.900 துண்டுக்காக ஈரோட்டிலிருந்து வடக்கே ஒரு ஊருக்கு வக்கீல் அமர்த்துவதா என்று யோசியுங்கள்.

என் வங்கிக் கணக்கே முடங்கிவிட்டது. யாரோ வாங்கிய பொருளுக்குப் போட்ட பணம் மோசடிப் பணமாம்.
– ஒரு வாசகர், நாகர்கோவில்

கிளைக்குப் போய் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: எந்த மாநில சைபர் காவல் நிலையம், புகாரின் ஒப்புகை எண், சர்ச்சைக்குரிய தொகை. பிறகு அந்த விசாரணை அதிகாரிக்குப் பில், கூரியர் ரசீது, டெலிவரி சான்று, உரையாடல், உங்கள் ஜி.எஸ்.டி. அல்லது உத்யம் (சிறுதொழில்) பதிவு ஆகியவற்றோடு மின்னஞ்சல் அனுப்பி, "சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவியுங்கள்" என்று கேளுங்கள். நகல் வங்கிக்கும் போகட்டும். ஸ்பீடு போஸ்ட் ரசீதில் எடையும் முகவரி ஊரும் அச்சாகியிருக்கும், அதைத் தூக்கிப் போட்டிருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறோம். இனி வியாபாரத்துக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவும் மாதத் தவணையும் அதில் ஓட வேண்டாம். ஆர்டர் கொடுத்தவர் பெயரும் பணம் போட்டவர் பெயரும் வேறாக இருந்தால், அதுவும் தங்க நாணயம், போன் போல உடனே விற்றுக் காசாக்கும் பொருள் என்றால், அனுப்பும் முன் விசாரியுங்கள்.

"பணம் தராவிட்டால் ஒரு ஸ்டார்" என்று மிரட்டுகிறார்.
– ஒரு வாசகி, சேலம்

மிரட்டலைப் படமெடுத்துத் தளத்தின் விற்பனையாளர் உதவிக்கு அனுப்புங்கள். பணம் கொடுக்காதீர்கள், கொடுத்த பின்னும் ஸ்டார் ஏறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. விமர்சனம் வந்தால் இரண்டே வரியில் பொதுப் பதில்: என்ன புகார் வந்தது, நீங்கள் என்ன செய்ய முன்வந்தீர்கள். அதைப் படிக்கப்போவது அடுத்து வாங்க வருகிறவர்.

ஏமாற்றுபவர்களின் பெயர், போன் எண்ணை விற்பனையாளர் குழுக்களில் போடுகிறோம். சரியா?
– ஒரு வாசகர், காஞ்சிபுரம்

வேண்டாம். ஒருவர் முகவரியையும் எண்ணையும் பொருள் அனுப்பத்தான் உங்களிடம் கொடுத்தார். தவறான ஆளைத் திருடர் என்று எழுதிவிட்டால் அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும். உங்கள் சொந்தப் பேரேட்டில் குறித்துவைத்து, அடுத்த முறை அவருக்கு முன்பணம் முழுதாக வாங்கிவிட்டு அனுப்புங்கள், அல்லது "ஸ்டாக் இல்லை" என்று விடுங்கள்.

ரீஃபண்ட் கொடுத்ததற்கும் ஜி.எஸ்.டி. கட்ட வேண்டுமா?
– ஒரு வாசகர், விருதுநகர்

பில் தொகையைக் குறைத்துக் காட்டும் கிரெடிட் நோட் போடாவிட்டால் கட்டியதாகிவிடும். சரக்கு திரும்பி வந்ததும் பழைய பில் எண்ணைக் குறிப்பிட்டுக் கிரெடிட் நோட் போட்டு, அந்த மாத விற்பனைக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்.-1-ல் காட்டுங்கள். 2025-26 விற்பனைக்குக் கடைசி நாள் 30 நவம்பர் 2026, அல்லது ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்த நாள், எது முந்தியதோ அது. விற்பனைத் தொகையிலிருந்து தளங்கள் பிடிக்கும் டி.சி.எஸ். வரி 2024 ஜூலை முதல் 0.5 சதவீதம். அது திரும்பி வந்த சரக்கைக் கழித்த தொகைக்குத்தான் கணக்கு. தளத்தின் மாத அறிக்கையில் ரிட்டர்ன் எண்ணிக்கையும் உங்கள் கிரெடிட் நோட் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால், அந்தப் பார்சல்கள் உங்கள் கிடங்குக்கு வந்தனவா என்பதுதான் முதலில் தேட வேண்டியது.